பகோடா ஸ்திரீட்டில் இருந்த பகோடா எது?

#1 தேக்காவாசி

போன ஞாயிறு காலை மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கிப் பக்கத்துத் தெருவில் நின்றிருந்தேன். சிங்கப்பூர் சைனாடவுன் பகோடா ஸ்திரீட். சுற்றுப்பயணிகள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு வழிகாட்டி வந்தார். இந்தத் தெருவில் முன்பு சீனப் பகோடா ஒன்று இருந்ததாம், போரில் குண்டு விழுந்து இடிந்துவிட்டதாம், அந்த நினைவாகத்தான் தெருவுக்கு இந்தப் பெயராம். சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு பின்னால் போனார்கள்.

அவர் நின்ற இடத்துக்குப் பக்கச் சுவர் நம் கோயில் சுவர். சுவர் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் மாட்டுச் சிலைகள். தெரு முனையில் கோபுரம். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தத் தெருவின் பெயர் நம் கோயிலால் வந்தது என்று சிறு வயதில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையா? உண்மை என்றால் 'கோபுரத் தெரு' என்றே மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

#2 புதுவரவு

அண்ணே, நான் சிங்கப்பூர் வந்து எட்டு மாசம்தான் ஆகுது. பகோடான்னா சீனா, பர்மா பக்கம் அடுக்கடுக்கா கூரை வச்ச கோயில்தானே? அந்தப் பேரு எப்படி மாரியம்மன் கோயிலுக்கு வரும்? இன்னொன்னு, நாம சாப்பிடுற பக்கோடாவுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

#3 பழையவரைபடம்

தம்பி தேக்காவாசி, நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. சீனப் பகோடா எதுவும் அங்கே இருந்ததில்லை. அந்தத் தெருவின் பகோடா மாரியம்மன் கோயில்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1819 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது, 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே செங்கல் சூளை போட்டார், கட்டட வேலை எடுத்துச் செய்தார், துணி வியாபாரமும் பார்த்தார். 1822இல் அவர் கடை தீயில் போனது, மறுபடி எழுந்தார். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயர் பக்கம் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் அருகே ஓர் இடம். அது 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. 1823இல்தான் இன்றைய இடம் அமைந்தது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்ட சின்னக் கோயில். அந்த ஆண்டு பிள்ளை வைத்த சின்ன அம்மன்தான் கோயிலின் முதல் அம்மன். 1843இல் செங்கல் கட்டடமாக எழுந்தது.

கோயிலுக்கு முன்னால் போகும் சவுத் பிரிட்ஜ் ரோட்டைப் போட்டு முடித்தது 1833இல். போட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். ஆக, சாலைக்கு முன்பே கோயில் வந்துவிட்டது. அந்தப் பக்கமெல்லாம் அப்போது இன்றுபோல் கடைவீடு நெருங்கிய இடம் கிடையாது. சுற்றிலும் சீனர் குடியிருப்பு வளர வளர, கோயிலின் இரண்டு பக்கமும் இரண்டு தெருக்கள் உருவாயின. வடபக்கம் பகோடா ஸ்திரீட். தென்பக்கம் டெம்பிள் ஸ்திரீட்.

டெம்பிள் ஸ்திரீட்டின் பழைய பெயர் அல்மெய்டா ஸ்திரீட். அல்மெய்டா குடும்பத்துப் பெயரில் ஊருக்குள் வேறு தெருக்களும் இருந்ததால் குழப்பம் வருகிறது என்று 1908இல் நகராட்சி மாற்றியது. மாற்றும்போது அவர்கள் மனதில் வந்தது மாரியம்மன் கோயில்தான். ஒரே கோயிலுக்கு இரண்டு பக்கம் இரண்டு தெரு, இரண்டுக்கும் அதே கோயிலின் பெயர், இரண்டு வேறு சொற்களில்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள். 'கோபுரம் பகோடா மாதிரி இருந்ததால் பகோடா ஸ்திரீட்' என்று புத்தகத்திலும் பலகையிலும் பார்க்கிறோம். ஆனால் கோயிலுக்கு மூன்று நிலைக் கோபுரம் எழுந்தது 1903இல். இன்று நாம் பார்க்கும் உயரமான கோபுரம் 1925இல் கட்டியது. தெருப்பெயரோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. கோபுரத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் கணக்கு இடிக்கிறது. அப்படியென்றால் பகோடா என்ற சொல் எதைச் சொன்னது? நாணயம் சேர்க்கும் நம் சென்னை நண்பருக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும். கூப்பிடுகிறேன்.

#4 சென்னை_நாணயம்

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. இது எனக்கு மிகவும் பிடித்த சொல்.

இன்று பகோடா என்றால் கிழக்காசியக் கோபுரம்தான் கண்முன் வரும். ஆனால் இந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் ஏறியது தென்னிந்தியக் கரையில். போர்த்துகீசியர் 'பகோடே' என்றார்கள். அவர்களுக்கு அது கோயில், அது சாமி சிலை, இரண்டும்தான். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து மலபார்க் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் பார்த்த கோயிலையெல்லாம் அப்படியே எழுதினார்கள். ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டார்கள். மாமல்லபுரத்துக்கு மாலுமிகள் வைத்த பெயர் 'ஏழு பகோடாக்கள்'. ஒடிசாவின் கோணார்க் கோயில் அவர்களுக்குக் 'கறுப்புப் பகோடா'. சீனத்துக்கும் பர்மாவுக்கும் அந்தச் சொல் போய் ஒட்டிக்கொண்டது, நம்மிடமிருந்து கழன்றுவிட்டது.

சொல்லின் வேர் பற்றி அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. பாரசீகத்தின் 'புத்கதா', அதாவது சிலை வீடு என்று ஒரு கட்சி. பகவதி என்று ஒரு கட்சி. சிங்களத்துத் 'தாகபா' எழுத்து மாறி வந்தது என்று இன்னொரு கட்சி. எனக்குப் பகவதி பக்கம் மனம் சாய்கிறது. சில வராகன் காசுகளில் இருக்கும் தெய்வ உருவைப் பார்த்துப் பழகியதால் வந்த சாய்வு அது, ஆதாரம் என்று சொல்லமாட்டேன்.

ஆமாம், வராகன். நம் வராகன் பொற்காசுக்கு ஆங்கிலேயர் சொன்ன பெயரும் பகோடாதான். சென்னைப் பட்டணத்தில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் ஒன்றை என் மேசை விளக்கின் கீழ் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் ஐந்து முனை நட்சத்திரம், சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பொடி. இன்னொரு பக்கம் பெருமாள். 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன், 80 காசு சேர்ந்தால் ஒரு பணம். 1818இல் கம்பெனி ரூபாய்க் கணக்குக்கு மாறும் வரை சென்னையின் வரவுசெலவு எல்லாம் இதில்தான். அதற்கு அடுத்த ஆண்டுதான் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைக்கிறார். அந்தக் காலக் கம்பெனி எழுத்தர் ஒருவருக்கு மாரியம்மன் கோயிலைப் பார்த்தால் 'பகோடா' என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். கோபுரம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், அத்தாப்புக் கூரையாகவே இருக்கட்டும். கோயில் என்றால் பகோடா. அவ்வளவுதான்.

தம்பி புதுவரவு, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. சாப்பிடுகிற பக்கோடா வடக்கேயுள்ள 'பகோரா'விலிருந்து வந்தது. அதன் வேர் 'பக்குவம்' என்ற சொல்லோடு உறவு கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

#5 தேக்காவாசி

உடம்பெல்லாம் சிலிர்க்கிறது ஐயா. கோபுரம் அல்ல, கோயிலே பகோடா. அப்படியானால் 'கோபுரத் தெரு' என்று நான் எழுதியதும் சரியில்லை. 'கோயில் தெரு' என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் டெம்பிள் ஸ்திரீட் ஏற்கெனவே கோயில் தெருதான்!

#6 கடையநல்லூரான்

இந்த இழையில் ஒரு தெரு விடுபட்டுவிட்டது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

பகோடா ஸ்திரீட்டுக்கு அடுத்த தெரு மோஸ்க் ஸ்திரீட். அது எங்கள் ஜாமியா சூலியா பள்ளிவாசலால் வந்த பெயர். 1826இல் அன்சார் சாகிப் தலைமையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பியது. இப்போதுள்ள கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையில் கட்டியது. எங்கள் பாட்டன் காலத்தில் யாரும் 'ஜாமியா' என்று சொன்னதே இல்லையாம். 'பெரிய பள்ளி' என்பார்கள். தெலுக் ஆயரில் இருக்கும் அல் அப்ரார் பள்ளிக்குக் 'குச்சுப் பள்ளி'. முதலில் அது குச்சு வீடாக இருந்ததால் அந்தப் பெயர். நாங்கள் கடையநல்லூர்க்காரர்கள், தஞ்சோங் பகார் பக்கம் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை அத்தா கையைப் பிடித்துப் பெரிய பள்ளிக்கு நடந்த நாட்கள் இன்னும் கண்ணில் இருக்கின்றன.

ஒரு நுட்பம் சொல்கிறேன். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நின்று பார்த்தால் பள்ளியின் வாசலும் இரண்டு மினாராக்களும் சாலைக்கு நேராக நிற்கும். உள்ளே போனால் தொழுகைக் கூடம் சாய்ந்து திரும்பியிருக்கும். கிப்லா திசை அது. வாசல் சாலைக்கு, கூடம் மக்காவுக்கு. தெருக் கட்டத்துக்குள் அடங்காத அந்தச் சாய்வை முதல் முறை கவனித்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. 'ஏன் அத்தா கோணலா இருக்கு?' என்று கேட்டேன். 'தெருவுதான் கோணல், இது நேர்' என்றார்.

அப்புறம் பாருங்கள், அந்த வரிசையில் மோஸ்க், பகோடா, டெம்பிள் என்று அடுத்தடுத்து மூன்று தெரு. மூன்றுக்கும் பெயர் வந்தது தமிழர் கட்டிய இரண்டு தலத்தால். மூன்றும் இருப்பது சைனாடவுனில். 1822 நகரத் திட்டத்தில் ஆற்றுக்குத் தென்கரையில் சீனர் கம்பமும் (குடியிருப்பும்) அதையொட்டிச் சூலியா கம்பமும் வரைந்திருந்தார்கள். பிறகு சீனர் குடியிருப்பு பெருகி எல்லாவற்றையும் சூழ்ந்துகொண்டது. நாம் யாருடைய இடத்திலும் போய்ப் பள்ளியும் கோயிலும் கட்டவில்லை, அவர்களும் நம் இடத்தைப் பிடுங்கவில்லை. ஒரே காலத்தில் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

பக்கத்தில் உள்ள கிராஸ் ஸ்திரீட்டுக்கும் தமிழர் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், 'பால்கடை சடக்கு'. சடக்கு என்றால் சாலை; பால்காரர்கள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர். மலாய்க்காரர்கள் அதையே கம்போங் சூசு என்றார்கள். சடக்கு என்ற சொல்லை இப்போது யாராவது சொல்கிறீர்களா? என் அத்தா 'சடக்குல பாத்துப் போ' என்றுதான் கடைசி வரை சொன்னார்.

#7 சவுத்பிரிட்ஜ்பொண்ணு

பாய், சடக்கு என்ற சொல்லைப் படித்ததும் எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவரும் அப்படித்தான் சொல்வார்.

எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. அப்பா துறைமுகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்து வருவார். வாசல் கதவில் வெண்கல மணிகள் வரிசையாகத் தொங்கும். என் உயரத்துக்கு எட்டும் மணிகளை எல்லாம் கையால் வழித்துக்கொண்டே போவேன், கலகலவென்று சத்தம் வரும். கும்பிட்டு முடித்ததும் பகோடா ஸ்திரீட்டில் கண்டனீஸ் பேசும் சீனத் தையற்காரம்மா ஒருவரிடம் போவோம். எனக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், ஒரு தையல் மிஷின், சுவரில் ஆணி அடித்து மாட்டிய துணிகள், தரையில் நூல் கண்டு. அவருக்கு மலாய் அரைகுறை, எங்கம்மாவுக்கும் அரைகுறை. இரண்டு அரைகுறைகளும் சேர்ந்து அளவெடுத்துச் சட்டை தைத்துவிடும். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்போம். சீனப் புத்தாண்டுக்கு அவர் இரண்டு ஆரஞ்சு கொடுப்பார்.

அவர் அந்தத் தெருவை 'பகோடா ஸ்திரீட்' என்று ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை. கண்டனீஸில் வேறொரு பெயர் சொல்வார். பெரியவளாகி, படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. குவோங் ஹப் யுன் காய். காய் என்றால் தெரு. குவோங் ஹப் யுன் என்பது 37ஆம் எண் வீட்டில் இருந்த ஒரு நிறுவனம். சீனாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து விற்ற இடம்.

விற்ற இடம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கப்பல் கட்டணத்தைக் கடனாகக் கொடுத்து ஏற்றி வருவார்கள். வந்தவனை அந்த வீட்டுக்குள் அடைத்து வைப்பார்கள். முதலாளி ஒருவன் வந்து கடனைக் கட்டினால்தான் வெளியே போக முடியும், போனதும் அந்த முதலாளிக்கு உழைக்க வேண்டும். அப்படி வந்தவர்களைச் சீனர்களே 'பன்றிக்குட்டி' என்று சொன்னார்களாம். அந்தத் தெருவில் இப்படிப்பட்ட வீடுகள் பல. அபின் கடைகளும் இருந்தன. 1877இல் பிக்கரிங் தலைமையில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் வந்து கண்காணிக்க ஆரம்பித்தது. சீன ஒப்பந்தக் கூலி முறை 1914இல்தான் ஒழிந்தது.

அதனால் தம்பி, நமக்கு அந்தத் தெரு அம்மன் சந்நிதிக்குப் பக்கத்துத் தெரு. அவர்களுக்கு அது தாத்தாவை அடைத்துவைத்த தெரு. நாற்பது ஐம்பது எட்டு வைத்தால் போகிற தூரத்தில் மணிச் சத்தம் கேட்டிருக்கும் அல்லவா அந்த மனுஷர்களுக்கு? இதை நினைத்துவிட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

#8 புதுவரவு

அக்கா, நீங்க எழுதினதப் படிச்சிட்டு டார்மிட்டரில பக்கத்துக் கட்டில் நண்பனுக்கும் படிச்சுக் காட்டினேன். நாங்களும் ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டித்தான் வந்தோம். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

'கூலி'ங்கிறது நம்ம சொல்லுதானே? சீனாக்காரங்களுக்கு அது எப்படிப் போச்சு?

#9 சென்னை_நாணயம்

தம்பி, 'கூலி' நம் சொல்தான், வேலைக்குக் கொடுக்கும் பணம். ஐரோப்பியர் அதை ஆளுக்கே பெயராக்கினார்கள். அந்தச் சொல் தமிழிலிருந்து வந்ததா, குஜராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்ததா என்று இரண்டு கருத்து உண்டு. இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. சீனர்கள் இந்த ஓசைக்குப் பொருத்திய எழுத்துகளுக்குக் 'கசந்த உழைப்பு' என்று பொருள் வரும். வேறொரு மொழியின் சொல்லை எழுத வேண்டி வந்தபோது இந்த இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் உண்மையை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

#10 ரெண்டாம்மொழி

வணக்கம். நான் பள்ளியில் சீன மொழி எடுத்துப் படித்த தமிழ்ப் பெண். இந்தத் தெருக்களின் சீனப் பெயர்ப் பலகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேக்காவாசி அண்ணன் பார்த்த வழிகாட்டியின் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதுவே பதில் என்று நினைக்கிறேன்.

மோஸ்க் ஸ்திரீட்டுக்கு இப்போதைய சீனப் பெயர் 'மோஷி ஜியே'. ஓசையை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பள்ளிவாசல் என்ற பொருள் அந்த எழுத்துகளில் எங்கும் இல்லை. டெம்பிள் ஸ்திரீட் 'தெங்போ ஜியே'. அதுவும் ஓசைதான். சீனம் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு கோயில் இருப்பதாகவே தெரியாது. ஆனால் பகோடா ஸ்திரீட்டை மட்டும் பொருள்படுத்திவிட்டார்கள். 'பாவ்தா ஜியே'. பாவ்தா என்றால் சீனர் கட்டும் அடுக்குக் கோபுரம், பௌத்த ஸ்தூபி. அந்தப் பலகையைப் படிக்கிற சீனப் பயணி யாராக இருந்தாலும் 'பாவ்தா எங்கே?' என்று தேடத்தான் செய்வார். தேடிக் கிடைக்காவிட்டால் 'இடிந்துவிட்டது' என்ற கதை தானாகவே முளைக்கும். 2007இலிருந்து அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டில், கொஞ்சம் தள்ளி, புத்தர் பல் கோயில் வேறு பெரிதாக எழுந்து நிற்கிறது. குழப்பம் கேட்கவே வேண்டாம்.

போர்த்துகீசியர் நம் கோயிலைப் பகோடே என்றார்கள், அது ஆங்கிலத்தில் பகோடா ஆனது, பிறகு சொல்லின் பொருள் கிழக்கே நகர்ந்தது, நகர்ந்த பொருளைச் சீனத்தில் மொழிபெயர்த்தார்கள். மூன்று மொழி தாண்டி வந்ததில் மாரியம்மன் எங்கோ வழியில் நின்றுவிட்டாள்.

வட்டாரத்தின் பெயருக்கு இது நேர்மாறு. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழில் 'சைனாடவுன்' என்று இருக்கும். சீனத்தில் அப்படி இல்லை, 'நியு ச ஷுய்', மாட்டுவண்டித் தண்ணீர். சீனரின் ஊருக்குச் சீனர் வைத்த பெயரில் சீனமே இல்லை! மலாயில் கிரேத்தா ஆயர், தண்ணீர் வண்டி. ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விற்ற இடம்.

#11 பழையவரைபடம்

ரெண்டாம்மொழி, இந்தப் பலகைகளைத் தினமும் கடந்து போயும் எனக்கு இது தோன்றியதில்லை. மனமார்ந்த நன்றி.

தண்ணீர் என்றதும் ஒன்று உறைக்கிறது. தெலுக் ஆயரில் நல்ல தண்ணீர் இல்லாததால்தானே நாராயண பிள்ளை கோயிலை அங்கே கட்டவில்லை என்று எழுதினேன்! அவர் தேடி வந்து சேர்ந்த வட்டாரத்தின் பெயரே தண்ணீர் வண்டி. இரண்டையும் இத்தனை நாளும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சீனர் தெருவுக்குப் பெயர் வைக்கும் முறையையும் கவனியுங்கள். ஸ்மித் ஸ்திரீட் அரசாங்கத்துக்கு ஆளுநர் சிசில் கிளமென்டி ஸ்மித்தின் பெயர். கண்டனீஸ் மக்களுக்கு அது 'கூத்துக் கொட்டகைத் தெரு', ஏனென்றால் 1887இலிருந்து லாய் சுன் யுன் கொட்டகை அங்கே இருந்தது. டெம்பிள் ஸ்திரீட் அவர்களுக்குக் 'கொட்டகைக்குப் பின் தெரு'. சாகோ லேனில் சாகப்போகிறவர்களைக் கொண்டுவந்து கிடத்தும் வீடுகள் இருந்தன, 1961இல் தடைசெய்யும் வரை. அதனால் அது 'பிணத் தெரு'. பெயரைக் கேட்டாலே அங்கே என்ன நடக்கிறது என்று வந்திறங்கியவனுக்குத் தெரிந்துவிடும். 'பால்கடை சடக்கு' வைத்தவர்களும் இதே புத்திதான்.

#12 பினாங்குத்_தமிழன்

பெயர் மாற்ற மனு என்று ஆரம்பித்தீர்களே, அதைப் பற்றி. நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் நம்மவர் தெருப் பெயர் மாற்றச் சொல்லி, அது நடந்தும் இருக்கிறது. இன்றைய சூலியா ஸ்திரீட் முன்பு கிளிங் ஸ்திரீட். இந்தியரைக் குறிக்க ஆதியில் சாதாரணமாக இருந்த சொல், கலிங்கத்திலிருந்து வந்தது. போகப்போக இழிவாக ஒலிக்கத் தொடங்கியது. இந்தியர் எதிர்ப்புத் தெரிவித்து, 1920களின் தொடக்கத்தில் மாற்றினார்கள். எங்கள் பினாங்கில் காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. எங்களில் சிலருக்கு அது உறுத்தும், சிலருக்கு அதுவே பெருமை. சூலியா ஸ்திரீட்டும் எங்களுக்கு ஒன்று உண்டு.

அங்கே வலி இருந்தது, மாற்றினார்கள். பகோடா ஸ்திரீட் யாரையும் இழிவுபடுத்தவில்லை. இருநூறு ஆண்டுக்கு முன் ஐரோப்பியர் தென்னிந்தியக் கோயிலை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு அது ஒரு கல்வெட்டு மாதிரி. 'பகோடா' என்ற சொல்லின் பழைய பொருள் மாமல்லபுரத்தைச் சொல்லும் பழைய புத்தகங்களில் இருக்கிறது, காசு சேர்ப்பவர் மேசையில் இருக்கிறது. உயிரோடு, தினமும் ஆள் நடக்கிற இடத்தில் இருப்பது இந்தத் தெருவில். அதை நாமே அழிப்பதா? கோயில் தெரு என்று மாற்றிவிட்டால் இந்த இழையில் பேசிய எதையும் இனி ஒரு பிள்ளை 'ஏன் இந்தப் பெயர்?' என்று கேட்க வாய்ப்பே இருக்காது.

#13 தேக்காவாசி

அண்ணே, கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன். பெயர் இருந்து என்ன பயன், அதன் பொருள் தெரியவில்லை என்றால்? அந்த வழிகாட்டியின் பின்னால் போன பதினைந்து பேரும் ஊருக்குப் போய்ச் 'சீனப் பகோடா இடிந்த தெரு' என்றுதான் சொல்வார்கள்.

#14 கடையநல்லூரான்

தம்பி, தெரியாதவருக்குச் சொல்ல வேண்டியது நம் வேலை. பெயரை மாற்றினால் சொல்ல வேண்டிய வேலை மிச்சம், உண்மைதான். ஆனால் சொல்ல விஷயமும் மிச்சம் இருக்காது.

#15 சவுத்பிரிட்ஜ்பொண்ணு

நான் பினாங்குத் தம்பி பக்கம். இன்னொரு காரணமும் உண்டு.

நாம் மனு கொடுத்துப் 'பகோடா' போனால், குவோங் ஹப் யுன் காய் என்று சொன்ன அந்தத் தையற்காரம்மாவின் பெயரை யார் திருப்பி வைப்பது? அந்தப் பெயருக்கு அரசாங்கப் பலகையே இல்லை. 48ஆம் எண்ணில் 2002இல் திறந்த மரபுடைமை நிலையத்தில் பழைய கடைவீட்டு அறைகளை அப்படியே அமைத்துக் காட்டினார்கள். ஓர் ஆள் கை காலை நீட்டினால் இரண்டு பக்கமும் பலகைச் சுவர் முட்டும், அதில் ஒரு குடும்பம். நான் போன அன்று என் பக்கத்தில் ஒரு சீன ஐயா தன் பேத்திக்கு ஏதோ காட்டிக்கொண்டே குரல் கம்மிப்போய் நின்றார். வெளியே வந்தால் நம் கோயிலில் உச்சிக்கால மணி. அந்தத் தெருவில் உரிமை பேச இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் மட்டும் போய்ப் பெயரை மாற்றுவது சரியாகப் படவில்லை.

தெருவோரத் தள்ளுவண்டிக் கடைகளையெல்லாம் 1983இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸுக்குள் கொண்டுபோனார்கள். 1989இல் கடைவீடுகளைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், அதனால் சுவர்கள் பிழைத்தன. அதற்கு முன்பே 1973இல் நம் கோயிலும் 1974இல் பெரிய பள்ளியும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆகிவிட்டன. கட்டடத்துக்குக் காவல் இருக்கிறது. வாயால் சொன்ன பெயர்களுக்குத்தான் காவல் இல்லை. பாய் சொன்ன பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி, சடக்கு, அந்தம்மா சொன்ன காய். இவற்றை எழுதிவையுங்கள்.

#16 தேக்காவாசி

இரண்டு நாள் யோசித்தேன். மனுவை எழுதவில்லை. அக்கா சொன்னதுதான் மனசில் நின்றது.

நேற்று வேலை முடிந்து சாயங்காலம் போனேன். 2023 பிப்ரவரி 12 குடமுழுக்கில் வர்ணம் தீட்டிய மாடுகள் சுவர் மேல் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. 37ஆம் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அதன் அஞ்சடியில் நின்றேன். அங்கிருந்து கோயில் பக்கம் திரும்பி நின்று காது கொடுத்தேன். ஆறரை மணி பூசை மேளம் கேட்டது, தெளிவாக. அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பகோடா ஸ்திரீட்டில் ஏறும் எம்ஆர்டி வாசலில் நிற்பேன். முதலில் மோஸ்க் ஸ்திரீட், பெரிய பள்ளியின் சாய்வைப் பாய் காட்டுகிறேன் என்றிருக்கிறார். பிறகு 37, பிறகு கோயில், டெம்பிள் ஸ்திரீட், கடைசியில் கிராஸ் ஸ்திரீட். ரெண்டாம்மொழி வந்து பலகைகளைப் படித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். புதுவரவு தம்பி, ஞாயிறு விடுப்பு என்றால் உன் கட்டில் நண்பனையும் கூட்டிக்கொண்டு வா. காலைச் சாப்பாடு என் பொறுப்பு.

#17 புதுவரவு

வரோம்ணே. ரெண்டு பேரும்.